பல்பின் ஆயுள் இரண்டாயிரம் மணி நேரம்

கல்யாணங்களுக்குத்தான் இந்த ப்ரொஜெக்டரை
வாடகைக்கு விடுவேன்.
மணமக்களின் சிறுவயதுப் படங்கள்,
பின்னால் மலை, முன்னால் கேக்.
ஜனவரியில் பிஷ்கெக்கில் கல்யாணம் குறைவு.
அதனால்தான் ஜிபாருக்குச் சரி என்றேன்,
மூன்று இரவுக்கு, பாதி விலையில்,
முன்பணம் இல்லாமல்.

இருபத்து மூன்று வயது.
தட்டச்சு செய்ய வசதியாகக்
கையுறையின் விரல்நுனிகளை வெட்டியிருந்தாள்.
எதிரே சோவியத் காலத்து ஒன்பது மாடிக் கட்டடம்.
அதன் ஜன்னலில்லாத பக்கம்
அவளுக்குத் தாள்.

"எழுத்துரு ஒன்று செய்திருக்கிறேன்.
கூரையில் தூசியை அளக்கும் பெட்டி இருக்கிறது.
அது சொல்லும் எண்ணைக் கேட்டு
எழுத்து மெலியும்."
எனக்கு எழுத்துரு என்றால்
அழைப்பிதழில் சுருள் சுருளாக இருப்பது.
தலையாட்டி வைத்தேன்.

இரண்டே சொல்: தெம் அல்.
எங்கள் மொழியில் அதற்கு
மூச்செடு என்றும் பொருள்,
ஓய்வெடு என்றும் பொருள்.

முதல் இரவு எண் எண்பது.
காய்ச்சலிலிருந்து எழுந்தவர்போல
எழுத்துகள் சற்றே இளைத்திருந்தன.
பஸ்ஸுக்கு நின்றவர்கள் போனில் எடுத்தார்கள்.
இரண்டாம் இரவு நானூற்றுப் பத்து.
சுவர் முழுக்க வெறும் சாம்பல் ஒளி.
"பல்பு போச்சா?" என்றார் ஒருவர்.
எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.
ஜிபார் சிரித்தாள்:
"சரியாகத்தான் வேலை செய்கிறது."

மூன்றாம் இரவு புருல் வந்தாள்,
சந்தையில் காலுறை விற்பவள்.
எரிவாயுக் குழாய் எட்டாத
புதுக்குடியிருப்பில் வீடு.
கழுத்து வலிக்க மேலே பார்த்துவிட்டு,
"இதை அழிப்பது நான்தானே?" என்றாள்.
"ஆறு மணிக்கு அடுப்பில் கரி போடுவேன்.
ஏழு மணிக்கு உன் எழுத்து காணாமல் போகும்.
மூச்செடு என்கிறாயா, ஓய்வெடு என்கிறாயா?
எதுவானாலும் சரி.
பிள்ளை விறைக்காமல் எப்படி என்பதை
அடுத்த வரியில் எழுது."
அதட்டவில்லை.
மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு
பஸ் ஏறிவிட்டாள்.

ஜிபார் லேப்டாப்பை மூடினாள்.
ப்ரொஜெக்டர் தன் பாட்டுக்கு
நீலத்தில் "சிக்னல் இல்லை" என்று
ஒன்பது மாடி உயரத்துக்கு எழுதியது.
அந்த மூன்று இரவிலும்
எல்லாராலும் தெளிவாக வாசிக்க முடிந்தது
அது ஒன்றைத்தான்.

பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தாள்.
பழைய பாக்கி அப்படியே.
புருல் வீட்டில், பையன் கட்டிலருகே,
இன்னொரு பெட்டி வைத்திருக்கிறாளாம்,
சூட்டை அளக்க.
வெளியே தூசி ஏறினால் எழுத்து மெலியும்.
உள்ளே சூடு ஏறினால் தடிக்கும்.
"அடுப்பு எரிந்தால் இரண்டும் ஏறுமே?"
"ஏறும்."
"அப்போது?"
"தெரியவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தேன்,
கிழிகிறது."

கிழிந்தது.
எங்கள் எழுத்தில் முதல் எழுத்துக்கு
இரண்டு கால் உண்டு.
ஒரு கால் தூணாகப் பருத்தது,
மற்றது மயிரிழை.
அதன்மேல் மீதி எழுத்தெல்லாம்
சாய்ந்து நின்றது, விழவில்லை.
பஸ்ஸுக்கு நின்றவர்கள் இம்முறை
படம் எடுக்கவில்லை.
என்ன எழுதியிருக்கிறது என்று
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.
ஒரு பஸ்ஸைத் தவறவும் விட்டார்கள்.

ஏதோ போட்டிக்கு அனுப்பினாளாம்.
வாசிக்கும்படி இல்லை என்று பதிலாம்.
சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.
கைக்குட்டையில் கறுப்பு.

பதினொன்றரைக்குப் புருலின் குரல்பதிவு:
"இனி கரி போடமாட்டேன், பொடியன் தூங்கிவிட்டான்.
இப்போது என்ன தெரிகிறது?"
பருத்த கால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.
மயிரிழை அப்படியே இருந்தது,
புகைக்குப் போக அவசரமில்லை.
"இன்னும் கொஞ்சம் பொறு" என்று
ஜிபார் பதில் அனுப்பினாள்.

எனக்கும் சேர்த்தா என்று கேட்கவில்லை.
பல்பில் முந்நூறு மணி நேரம் மிச்சம் இருக்கிறது.
ஏப்ரல் வரை கல்யாணமும் இல்லை.